நூலும் குடுமியும் சுவரும்

(தவக்காலப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் கத்தோலிக்கர் இருக்கிறீர்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் இருக்கிறீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நமக்கு விசாரணையே தேவையில்லை. கழுத்தில் ஜெபமாலை தொங்கினால் ஒரு கணக்கு. காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லாமல் வெள்ளைச் சேலை என்றால் இன்னொரு கணக்கு. வாய் திறந்து "தோத்திரம்" என்றோ "சர்வேசுரனுக்கு நன்றி" என்றோ சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது. அடையாளத்தைப் படிப்பதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அதனால்தான் அடையாளத்தைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டேன்.

சாம்பல் புதனில் ஒரு வேடிக்கை நடக்கிறது. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் பூசுகிறார். அதற்குச் சற்று முன்பு அவரே பீடத்தில் நின்று வாசிக்கும் நற்செய்தி எது தெரியுமா? மத்தேயு 6-ஆம் அதிகாரம். உபவாசம் இருக்கிறவன் முகத்தை வாட வைத்துக்கொண்டு திரிய வேண்டாம், தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்று இயேசு சொல்லும் பகுதி. ஜெபிக்க வேண்டுமானால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பதும் அதே பகுதிதான். முகம் கழுவச் சொல்லும் வாசகத்தைக் கேட்டுவிட்டு வரிசையில் போய் நெற்றியை நீட்டுகிறோம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்காது. வேண்டுமென்றே இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பூசிக்கொள், ஆனால் பூசியதை நம்பி இருந்துவிடாதே என்று.

அடையாளமே பாவம் என்று பேச நான் வரவில்லை. இயேசுவே அடையாளம் தரித்தவர். யூதர்கள் ஆடையின் ஓரங்களில் தொங்கல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எண்ணாகமத்தில் உள்ள கட்டளை. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கில் கிடந்த பெண் கூட்டத்துக்குள் நுழைந்து வந்து தொட்டது இயேசுவின் ஆடையின் அந்த ஓரத்தைத்தான். அதே தொங்கலைப் பரிசேயர் பெரிதாக்கிக்கொண்டபோது அவர் சீறினார். காப்பு நாடாவை அகலமாக்கினார்கள், தொங்கலை நீளமாக்கினார்கள், ஒற்தலாமிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்தார்கள், நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய புகார். அவருக்கு முன்னே இதையே ஆமோஸ் சொன்னார், ஏசாயா சொன்னார், ஓசியா சொன்னார். ஆடையைக் கிழிக்காதே, இருதயத்தைக் கிழி என்று யோவேல் சொன்னார். எசேக்கியா ராஜா ஒரு படி மேலே போனார். மோசேயே செய்து வைத்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியதும் அதை உடைத்தே போட்டார். மோசே செய்தது ஆயிற்றே என்று தயங்கவில்லை. நம் கமிட்டியாக இருந்திருந்தால் அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் உண்டியலும் வைத்திருப்போம்.

யோவான் 4-ஆம் அதிகாரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆவியோடும் உண்மையோடும் தொழுவது பற்றி இயேசு பேசுவது அங்கேதான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்து நாட்காட்டியில் அச்சடித்துவிட்டோம். அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. இடம் சீகார் ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணறு. நேரம் நடுப்பகல். பக்கத்திலேயே கெரிசீம் மலை. சமாரியர் அந்த மலையில்தான் தொழ வேண்டும் என்றார்கள், யூதர்கள் எருசலேமில்தான் என்றார்கள். அந்த மலைமேல் இருந்த சமாரியரின் கோயிலை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இடித்துவிட்டிருந்தார். இடித்தவர்களின் வம்சம் ஒரு பக்கம், இடிபட்டவர்களின் வம்சம் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் புழங்க மாட்டார்கள்.

அங்கே வந்து உட்கார்ந்தவர் தொழுகையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவரிடம் மொண்டுகொள்ளச் செம்பு இல்லை. ஆகையால் அந்தப் பெண்ணின் பாத்திரத்திலிருந்துதான் குடித்தாக வேண்டும். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. யூதராகிய நீர் என்னிடம் எப்படிக் கேட்கிறீர் என்றாள். டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அந்தக் கேள்வியின் கனம் நமக்குப் புரியாதா? பாத்திரத் தீட்டு அங்கே உடைந்தது. அதற்குப் பிறகுதான் எந்த மலை, எந்தக் கோயில் என்ற பேச்சே வருகிறது. ஆவியோடு தொழுவது என்றால் கண்ணை மூடி உருகுவது என்று நாம் எடுத்துக்கொண்டோம். அந்த அதிகாரத்தின் வரிசையைப் பார்த்தால், யாருடைய பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கத் தயாராக இருக்கிறாய் என்ற இடத்தில் அது தொடங்குகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் மண்ணுக்கு வருவோம். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். கிறிஸ்தவன் ஆவதென்றால் பறங்கி ஆவது என்று மதுரைக்காரர்கள் நினைத்திருந்ததைப் பார்த்தார். அங்கியைக் கழற்றினார், காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூல் போடலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் இடலாம் என்றார். அவையெல்லாம் குல வழக்கம், மத வழக்கம் இல்லை என்பது அவர் வாதம். மதுரையில் முன்பே இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போய், ரோமாபுரிக்கும் போனது. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி நொபிலிக்கு அனுமதி கொடுத்தார்.

அந்த அனுமதிக் கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. உயர்குலத்தார் தங்கள் பெருமையை விட்டு, எளியவர்களை இழிவாக நடத்தாமல், வேதம் கேட்பதிலும் திருவருட்சாதனங்கள் பெறுவதிலும் அவர்களோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று பாப்பரசர் கேட்டிருந்தார். பூணூலுக்குக் கிடைத்த அனுமதி அப்படியே நடைமுறைக்கு வந்தது. இந்த வேண்டுகோள் காகிதத்தோடு நின்றது. நொபிலி அவர்களின் தமிழையும் தவத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் மேல்சாதிக்குத் தனிக்கோயில் கட்டியவரும் அவரே. பிறகு 1640-இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று 'பண்டார சாமிகள்' என்ற தனிப் பிரிவுக் குருக்கள் வந்தார்கள். மீட்பர் ஒருவர்தான், சாமியார் மட்டும் சாதிக்குத் தகுந்தபடி.

சண்டை அதோடு தீரவில்லை. 1704-இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு பதினாறு பிரிவுகள் கொண்ட ஓர் ஆணை பிறப்பித்தார். உடம்பு சரியில்லாததால் அவர் பாண்டிச்சேரியை விட்டு உள்நாட்டுக்குப் போகவே இல்லை, மதுரையைப் பார்க்கவும் இல்லை. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, தாலிக்கயிற்றில் நூற்றெட்டு இழை கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் குறி கூடாது. ஞானஸ்நானத்தில் குரு தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. எச்சில் என்றால் இங்கே எப்படி இருக்கும்? அதனால் நம் பக்கக் குருக்கள் அதை விட்டிருந்தார்கள். அதையும் செய்தே ஆக வேண்டும் என்றார் தூதர். ஐரோப்பாவின் அடையாளத்துக்கும் தமிழ்நாட்டின் அடையாளத்துக்கும் நடந்த மல்லுக்கட்டு இது. இருதயம் இந்தப் பேச்சில் எங்கேயாவது வந்ததா?

ஒரே ஒரு இடத்தில் வந்தது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய்க் குருக்கள் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று அந்த ஆணையில் ஒரு பிரிவு இருந்தது. அதாவது, அதுவரை பலர் உள்ளே போகவில்லை. நோயாளியைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. 1744-இல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் இந்த விவகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனியே குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். நொபிலி வந்த நாளிலிருந்து 138 ஆண்டுகள். நூலுக்கும் சந்தனத்துக்கும் அத்தனை காகிதம் செலவாயிற்று. இந்தச் சடங்குகளை எதிர்த்து மறைப்பணியாளர்கள் செய்ய வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-இல்தான் நீங்கியது.

பெனடிக்டின் அந்த 1744-க்கு அடுத்த ஆண்டு, 1745. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்தவர், நல்ல வைணவர், நாட்குறிப்பு எழுதியவர். அந்த ஆண்டு அக்டோபரில் அங்கே சம்பாக் கோவில் என்னும் கத்தோலிக்கக் கோயிலில் நடந்ததை அவர் வெளியாளின் ருசியோடு எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் இதைப் பார்த்திருக்கிறார். அதையொட்டிப் பறையர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். எல்லாரும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று கேட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். இடித்தார்கள். எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் கைதட்டி நகர்ந்திருப்பேன். பிள்ளை மேலும் எழுதுகிறார். செல்வந்தர் வீட்டுப் பெண் ஒருத்தி நகை பூண்டு, மெல்லிய சேலை கட்டி, வாசனை பூசிக் கோயிலுக்கு வந்தாள். பூசை செய்துகொண்டிருந்த சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா, தாசியா, உன் புருஷனுக்கு வெட்கமில்லையா என்று சபை நடுவே கேட்டாராம். சுவர் போன கோபத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டுபோய்ப் பெரிய சாமியாரின் அங்கியைப் பிடித்து ஏசி, இனிக் கோயிலுக்கே வரமாட்டோம் என்றார்கள். நாலு பேருக்கு மேல் கூடிப் பேசினால் சிறை என்று கவர்னர் சேவகர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

சுவரையும் கொண்டையையும் ஒரே பிரம்பால் அடிக்க முடியும் என்று அந்தச் சாமியார்கள் நினைத்தார்கள். சுவர் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தது, அது போக வேண்டியது. அந்தப் பெண்ணின் வாசனை யாரைப் பிரித்தது? ஆராதனை செய்துகொண்டிருந்த கையே பிரம்பை ஓங்கியது. இன்றைக்கும் சில சபைகளில் இதுதான் நடக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறோம், தாலியைக்கூடக் கழற்றச் சொல்கிறோம். கழற்றாதவளுக்கு அப்பம் இல்லை என்கிறோம். வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சுகிறவர் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கையையும் உயர்த்தினால், "அண்ணன் ஆவியில் நிறைஞ்சிட்டார்" என்கிறோம்.

சீர்திருத்த சபையார் சிரிக்க வேண்டாம், உங்கள் கதையும் இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் நண்பர். அவர் கீர்த்தனை இல்லாமல் நம் ஞாயிற்றுக்கிழமை இல்லை. புதிதாக வந்த மிஷனரிகள் பண்டிகைக்குப் பூ கட்டக் கூடாது, கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடக் கூடாது, சாதி வித்தியாசம் கூடாது என்று ஒரே மூச்சில் தடை போட்டார்கள். சாஸ்திரியார் கொதித்துப் போய் எல்லாவற்றையும் எதிர்த்து எழுதினார். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது நூற்றுக்கு நூறு நியாயம். இராப்போசனத்தில் ஒரு சாதி முந்தி, ஒரு சாதி பிந்தி என்ற வழக்கத்துக்கும் அவர் வாதாடினார். அது நியாயம் இல்லை. மிஷனரிகளும் சாஸ்திரியாரும் ஒரே குழப்பத்தில்தான் இருந்தார்கள். ஒரு தரப்பு பூவைச் சாதியோடு சேர்த்து எறியப் பார்த்தது, மறு தரப்பு சாதியைப் பூவோடு சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கூட்டம் சபையை விட்டே வெளியேறியது. கிறிஸ்துவை விட்டோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்தார்கள். பயமாக இருக்கிறதா, இல்லையா?

அந்த 1745-ஆம் ஆண்டை இன்னும் நான் விடவில்லை. பாண்டிச்சேரிச் சுவர் இடிந்ததற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதத்தில், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து உண்டார், பழகினார். சங்கிலியில் கிடந்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் புதிய கோயில் ஒன்று கட்டினார்கள். இரண்டு நீண்ட மண்டபங்கள், பீடத்தில் வந்து சேரும்படி. ஒன்றில் வெள்ளாளர், ஒன்றில் நாடார். இரண்டு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கு ஒருவர் தெரியாது. கால்சட்டைக் கோயில் என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. கொத்தனாரையும் பொறியாளரையும் வைத்து, பணம் வசூலித்து, மந்திரித்துத் திறந்த கட்டடம் அது. கடவுளைப் பார்க்க வேண்டும், பக்கத்து மனிதனைப் பார்க்கக் கூடாது. இந்த ஆசையைச் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் கட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தபோது வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கோயிலுக்குள் சாதிப்படி தனியிடம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. மத்தேயு 5-ஆம் அதிகாரத்திலேயே இருக்கும் தீர்ப்புதான். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று. நமக்கு அதற்கு வக்கீல் தேவைப்பட்டது.

2022 மே 15-இல் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு முன்பு அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்கும்படி சிலர் வத்திக்கானுக்கு எழுதினார்கள். எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். அவரே உயிரோடு இருந்தபோது விட்டதை நாம் 270 வருடம் பத்திரமாக வைத்திருந்தோம்.

சரி, இத்தனை சொன்னபிறகு, "அதனால்தான் நான் கோயிலுக்கே போவதில்லை, மனசு சுத்தமா இருந்தா போதாதா?" என்று கேட்கிற நண்பர் ஒருவராவது இங்கே இருப்பார். போதாது. வீட்டில் தனியே உட்கார்ந்து வைத்திருக்கும் சுத்தமான மனசுக்குச் சோதனையே கிடையாது. பிடிக்காத ஆளின் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே கிண்ணத்தில் குடித்து, அவன் தப்பும் தவறுமாகப் பாடுவதைக் கேட்கும்போதுதான் மனசின் சுத்தம் தெரியும். செபமாலை உருட்டுங்கள், பூ கட்டுங்கள், கை உயர்த்துங்கள், முழங்கால் போடுங்கள். உடம்புள்ள மனிதன் உடம்போடுதான் தொழுவான். தேவாலயத்துக்குத் தொழப்போன பரிசேயனும் ஆயக்காரனும் இருவருமே உடம்போடுதான் நின்றார்கள். ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டதும் வெளிச்செயல்தான். அவன் பக்கத்தில் நின்றவனை அளந்து பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நெற்றியில் சாம்பல் வாங்கி நாற்பது நாள் விரதம் இருக்கிறோம். கன்வென்ஷன் பந்தலில் கண்ணீர் விடுகிறோம். அதில் பொய் இருக்கிறது என்று சொல்ல நான் யார்? ஆனால் வரும் குருத்தோலை ஞாயிறு பவனி எந்தத் தெரு வழியாகப் போகிறது? அசனத்துக்கு அரிசி அளக்கும் கையில் எல்லாத் தெருக் கைகளும் உண்டா? உங்கள் கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த மூலையில் படுத்திருக்கிறார்கள், நடுவில் என்ன இருக்கிறது? சம்பாக் கோவிலில் இடிந்த சுவர் சில ஊர்களில் இன்றைக்குச் செத்தவர்களுக்கு நடுவே நிற்கிறது. ஒரே சவ வண்டி எல்லா வீட்டு வாசலுக்கும் போகாத ஊர் உண்டு.

இதையெல்லாம் மாற்ற பாப்பரசர் கடிதம் வேண்டியதில்லை, பேராயர் சுற்றறிக்கை வேண்டியதில்லை, உயர் நீதிமன்றமும் வேண்டியதில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்பு உங்கள் ஊரில் பங்குப்பேரவை கூடும், சேகரக் கமிட்டி கூடும், சபை மூப்பர்கள் கூடுவார்கள். பந்தல் செலவும் மைக்செட் செலவும் பேசுவார்கள். அப்போது எழுந்து நின்று, இந்த ஆண்டு பவனி அந்தத் தெரு வழியாகவும் போகட்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எதிர்ப்பு வரும். வழிமொழிய இன்னொருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.